காரின் பெயிண்டில் விழுந்த கீறலை வீட்டிலேயே கையால் நீக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிஷ் மெஷின் எதுவும் இல்லாமல், கையையும் சில துணிகளையும் மட்டும் நம்பிக் காரின் கீறல்களைச் சரிசெய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எப்படித் தேய்ப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே இந்த வேலையில் கடினமான பகுதி என்பதால், பல விடைகள் அந்த இடத்துக்கே திரும்பி வருவதைக் காண்பீர்கள்.

கீறலை நீக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

கீறல் என்பது பெயிண்டின் மேல் விழுந்த ஒரு நுண்ணிய வாய்க்கால். வாய்க்காலை மட்டும் தனியே பிடுங்கி எடுத்துவிட முடியாது. அதன் இரு கரைகளையும் தேய்த்து அடிமட்டத்துக்குக் கொண்டுவரலாம், அல்லது அதற்குள் வேறொரு பொருளை இட்டு நிரப்பலாம். கடையில் எந்தப் பெயரில் எந்தப் புட்டி விற்றாலும், அது இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. முதல் வழி நிலையானது. ஆனால் ஒவ்வொரு முறையும் பெயிண்டில் கொஞ்சம் குறைகிறது. இரண்டாம் வழியில் பெயிண்ட் குறைவதில்லை; ஆனால் நிரப்பிய பொருள் மெழுகாகவோ எண்ணெயாகவோ இருந்தால் சில கழுவல்களில் வெளியேறிவிடும்.

எவ்வளவு குறைக்க இடம் இருக்கிறது என்பதை அறியப் பெயிண்டின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் உலோகத் தகட்டின் மேல், துருவைத் தடுப்பதற்காக மின்முறையில் படியவைக்கப்பட்ட ஓர் அடிப்பூச்சு இருக்கும். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் அமைந்திருக்கும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனத்தைவிடவும் பெரும்பாலும் குறைவு. நாம் கையை வைக்கக்கூடியது இந்த ஓர் அடுக்கில் மட்டுமே. அதுவும் முழுவதையும் தேய்த்துவிட முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்துக் கீழே உள்ள நிறத்தைக் காப்பது கிளியர் கோட்தான் என்பதால், அதில் சில மைக்ரான்களை இழக்கலாமே தவிர, பாதியை இழந்தால் பளபளப்பு அன்றைக்கு நன்றாகவே இருந்தாலும் பின்னாளில் அந்த இடம் வெளுத்து உரியத் தொடங்கும்.

என் காரில் உள்ள கீறல் எவ்வளவு ஆழம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அந்த இடத்தைக் கழுவித் துடையுங்கள். அழுக்கோடு பார்த்தால் எல்லாக் கீறலும் ஆழமாகத்தான் தெரியும். பிறகு மூன்று சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலாவது, தண்ணீர். கீறலின் மேல் விரலால் ஒரு சொட்டு நீரைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தலைகாட்டினால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று பொருள். கீறலின் கரைகளில் ஒளி சிதறுவதால்தான் அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. நீர் அந்தப் பள்ளத்தை நிரப்பியதும் ஒளி சிதறுவது அடங்கிவிடுகிறது. கருப்புக் காரில் விழுந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து, பிரைமர் வரை போய்விட்டதாகப் பதறுகிறவர்களில் பலருக்கு இந்த ஒரு சொட்டு நீரே ஆறுதல் தந்துவிடும்.

இரண்டாவது, நகம். கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை அழுத்தாமல் இழுங்கள். தடங்கலே தெரியாவிட்டால் கையால் தேய்த்தே போக்கிவிடலாம். லேசாக உணர்ந்தும் சிக்காமல் போனால் பாதியளவு குறையும். நகம் 'டிக்' என்று மாட்டி நின்றால், தேய்ப்பதால் மட்டும் அது போகாது.

மூன்றாவது, நிறம். கீறலுக்குள் சாம்பலோ, மங்கிய வெள்ளையோ, காரின் நிறத்துக்குத் தொடர்பில்லாத வேறு நிறமோ தெரிந்து, நீர் பட்டும் அது மாறாவிட்டால் பிரைமர் வெளிப்பட்டுவிட்டது. மின்னும் உலோகம் தெரிந்தால் அடி வரை போய்விட்டது. பிளாஸ்டிக் பம்பரில் உள்ளே கருப்பு தெரிந்தால் அது பிளாஸ்டிக்கின் சொந்த நிறம். இம்மூன்றுக்கும் மருந்து பெயிண்டைத் தேய்த்துக் குறைக்கும் பசையான காம்பவுண்ட் அல்ல, கீறலுக்குள் வைத்து நிரப்பும் டச்-அப் பெயிண்ட்.

வேறொரு வண்டி உரசியதில் அதன் நிறம் என் காரில் ஒட்டியிருக்கிறது. அதுவும் கீறல்தானா?

பெரும்பாலும் பாதிதான் கீறல். உரசிய வண்டியின் பெயிண்டோ, தூணில் பூசியிருந்த வண்ணமோ உங்கள் கிளியர் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் கையால் செய்யக்கூடிய வேலைகளில் அதிகம் மனநிறைவு தருவது இதுதான். ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி நீர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தார் நீக்கும் திரவமும் உதவும். எஞ்சியதை மெல்லிய பாலிஷ் கொண்டு எடுத்துவிடலாம். ஒட்டியது போன பிறகு அடியில் உண்மையிலேயே எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று பார்த்து மேற்கொண்டு முடிவு செய்யுங்கள். பெயிண்டுக்கான தின்னரை மட்டும் தொட வேண்டாம். அது ஒட்டியிருக்கும் பெயிண்டைக் கரைக்கும்போது, பக்கத்தில் உள்ள உங்கள் பெயிண்டையும், குறிப்பாக மறுபூச்சு செய்யப்பட்ட பாகங்களில், இளக்கிவிடக்கூடும்.

வெயிலில் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்தி வலை போல வட்டவட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. அவை என்ன?

அவை வட்டமாக விழுந்தவை அல்ல. எல்லாத் திசைகளிலும் விழுந்திருக்கும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்களில், ஒளி விழும் புள்ளியைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோற்றம் தருகின்றன. கையில் டார்ச்சைப் பிடித்து நகர்த்திப் பாருங்கள்; அந்த வட்டமும் கூடவே நகரும். உலர்ந்த தூசியைத் துணியால் துடைப்பதும், ஒரே வாளி நீரில் அழுக்குத் துணியைத் திரும்பத் திரும்ப முக்கிக் கழுவுவதும்தான் இவற்றின் பிறப்பிடம்.

இவை மிக மேலோட்டமானவை என்பதால் கையால் குறைக்க முடியும். ஆனால் ஒரு முழுக் காரின் பரப்பையும் கையால் தேய்த்து முடிப்பது தோள்பட்டைக்கு மிகப் பெரிய வேலை; அத்துடன் கை அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால் பலனும் திட்டுத்திட்டாக வரும். என்னைக் கேட்டால், தனித்தனிக் கீறல்களுக்குக் கையையும், கார் முழுவதும் பரவிய நுண்கோடுகளுக்கு மெஷினையும் ஒதுக்கிவிடுவதே நியாயம். கையால்தான் செய்வேன் என்றால் ஒரு நாளில் ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன பொருள்கள் தேவை?

காம்பவுண்ட் ஒன்று, அதைவிட மென்மையான பாலிஷ் ஒன்று, கடைசியில் பாதுகாப்புக்காகப் பூச மெழுகு, அல்லது அதற்கு மாற்றான செயற்கைப் பூச்சு (சீலன்ட்) ஒன்று. தேய்ப்பதற்குக் கையில் அடங்கும் அளவில் இரண்டு மூன்று ஸ்பாஞ்ச் பேடுகள். துடைப்பதற்குக் குறைந்தது ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகள். இவற்றோடு மாஸ்கிங் டேப், கார் ஷாம்பு, நீர் கலந்த ஐசோபிரோப்பைல் ஆல்கஹால், நல்ல டார்ச் ஒன்று. களிமண் போல இருக்கும் கிளே பார் இருந்தால் நல்லது.

இந்தப் பட்டியலில் பலரும் அலட்சியம் செய்வது துணியைத்தான். பழைய பனியனும் கிழிந்த துண்டும் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றின் தையல் ஓரங்களே புதுக் கோடுகளை இழுத்துவிடும். காம்பவுண்டைத் துடைத்த துணி வேறு, பாலிஷைத் துடைக்கும் துணி வேறு என்று பிரித்து வைக்க வேண்டும். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்தால், தரையில் உள்ள மணல் துகள் உங்கள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பதற்கு முன் காரை எப்படித் தயார்செய்ய வேண்டும்?

வெயிலில் நின்று சூடான தகட்டில் வேலையைத் தொடங்கக் கூடாது. காம்பவுண்ட் நொடியில் காய்ந்து மாவாகி, தேய்க்கும் வேலையே நடக்காமல் போய்விடும். நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தபின், உள்ளங்கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியே துல்லியமாகத் தெரியும். சொரசொரப்பு இருந்தால், ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்துக் கிளே பாரை வழுக்கவிட்டு அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துகள்களையும் காம்பவுண்டோடு சேர்த்துப் பெயிண்டில் தேய்ப்பீர்கள்.

பிறகு கீறலைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் உள்ள ரப்பர் பட்டைகள், பெயிண்ட் பூசாத கருப்புப் பிளாஸ்டிக் பாகங்கள், தகட்டின் மடிப்பு விளிம்புகள் ஆகியவற்றின் மேலும் டேப் ஓட வேண்டும். விளிம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும்: பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே இயல்பாகவே மெலிதாகப் படிகிறது, நாம் தேய்க்கும்போது கையின் அழுத்தமோ அந்தக் கூர்மையான வரியில்தான் குவிகிறது. பெயிண்ட் தேய்ந்து அடி தெரிந்த கார்களைப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் போயிருப்பது விளிம்புதான்.

சரியாகத் தேய்க்கும் முறை என்ன?

ஸ்பாஞ்சில் ஒரு பட்டாணி அளவுள்ள இரண்டு மூன்று சொட்டுக் காம்பவுண்ட் போதும். அதை முதலில் கீறலைச் சுற்றி லேசாகத் தடவிப் பரப்புங்கள். ஒரு நேரத்தில் எடுத்துக்கொள்ளும் இடம் இரண்டு உள்ளங்கை அகலத்தைத் தாண்ட வேண்டாம்.

விரல் நுனியால் அழுத்துவதே ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் பிழை. ஒரே விரல் அழுத்தினால் கீறல் இருந்த இடத்தில் கீறலைவிட அகலமான ஒரு பள்ளம் உண்டாகும்; நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் நெளியும். நான்கு விரல்களையும் சேர்த்து, அழுத்தம் ஸ்பாஞ்ச் முழுவதும் பரவும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீறலின் மீது மட்டும் தேய்க்காமல், அதற்கு இருபுறமும் மூன்று நான்கு விரற்கடை தூரம் சேர்த்துத் தேய்க்க வேண்டும்.

வட்டமாகத் தேய்ப்பதா, நேராகத் தேய்ப்பதா என்ற வாக்குவாதம் ஓயாதது. நான் நேர்க்கோட்டின் பக்கம். முதலில் கீறலுக்குக் குறுக்காகவும், பிறகு அதற்குச் செங்குத்தான திசையிலும் ஒன்றின் மேல் ஒன்று பாதி படியும்படி தேய்த்தால், காம்பவுண்ட் விட்டுச் செல்லும் தடங்கள் ஒரே ஒழுங்கில் இருக்கும். அடுத்து வரும் பாலிஷ் அவற்றை எளிதில் அழித்துவிடும். வட்டமாகத் தேய்த்தால் எந்த ஒளியில் பார்த்தாலும் ஏதாவது ஒரு தடம் கண்ணில் படும்.

மிதமான அழுத்தத்தில் ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்தபின் காம்பவுண்ட் மெல்லிய படலமாகிக் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும். அப்போது நிறுத்திவிட்டுச் சுத்தமான துணியால் துடையுங்கள். துடைத்ததும் பளபளவென்றிருக்கும், ஆனால் அந்தப் பளபளப்பை நம்பிவிட வேண்டாம். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் தங்கி அதை மறைத்திருக்கலாம். நீர் கலந்த ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். கீறல் குறைந்திருந்தால் இன்னொரு சுற்று. பிறகு புதிய ஸ்பாஞ்சில் பாலிஷை எடுத்து, இந்த முறை அழுத்தத்தைக் குறைத்து அதே வேலையைச் செய்தால், காம்பவுண்ட் விட்ட மங்கல் நீங்கி நிறம் ஆழமாகத் தெரியும்.

எத்தனை சுற்று தேய்க்கலாம்?

மூன்று நான்கு சுற்றுக்குள் கீறல் குறைந்துகொண்டே வந்தால் தொடரலாம். இரண்டு சுற்றுகளுக்கிடையே எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கீறலின் கரைகள் மழுங்கிவிட்டாலே ஒளி சிதறுவது பெரிதும் குறைந்து, மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாமல் போய்விடும். எஞ்சியிருக்கும் அந்த இம்மியளவுக்காக இன்னும் பத்து மைக்ரானைச் செலவழிப்பது நட்டக் கணக்கு. அதே இடத்தில் நாளை வேறொரு கீறல் விழுந்தால் அப்போது தேய்க்கவும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் சாதாரணக் கருவிகள் உலோகத்தின் மேல் உள்ள எல்லா அடுக்குகளின் மொத்தக் கனத்தைத்தான் காட்டும். கிளியர் கோட்டைத் தனியே பிரித்துச் சொல்லாது, பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.

நகம் சிக்கும் கீறலை உப்புத்தாள் கொண்டு தேய்த்து எடுக்கலாமா?

எடுக்க முடியும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 2000, 2500, 3000 எண் தாள்கள் இதற்காகவே விற்கப்படுகின்றன. 2000 எண் தாளின் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான் அளவுடையது. 35 மைக்ரான் கனமுள்ள பூச்சின் மேல் 10 மைக்ரான் அளவுள்ள பற்களை வைத்துத் தேய்க்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் கை தானாகவே இளகும். அது விட்டுச் செல்லும் மங்கலைக் கையால் தேய்த்துப் பளபளப்பாக்குவது இன்னொரு பெரிய சிக்கல். தாள் ஐந்து நிமிடத்தில் செய்ததைச் சரிசெய்யக் கைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அப்படியும் முழுமையாகத் தெளியாமல் போகலாம். நான் முதன்முதலில் இதைச் செய்துபார்த்த கதவில் கீறல் போய்விட்டது. கீறல் இருந்த இடத்தைச் சுற்றிப் பால் தெளித்தது போன்ற ஒரு வட்டம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

செய்தே தீருவதென்றால், பழைய வண்டியின் கழற்றிப் போட்ட பாகம் ஒன்றில் பழகிய பிறகு செய்யுங்கள். 2500க்குக் கீழான எண்ணில் தொடங்க வேண்டாம். தாளை மென்மையான ஒரு சிறு கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். சோப்பு நீர் எப்போதும் வழிந்துகொண்டிருக்கட்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வழியும் நீர் வெண்மையாக இருக்கும்வரை கிளியர் கோட் தேய்கிறது. அதில் காரின் நிறம் கலந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது.

பிரைமரோ உலோகமோ தெரிகிறது. டச்-அப் பெயிண்டை எப்படிப் பூசுவது?

முதலில் சரியான நிறம் வேண்டும். காரின் நிறத்துக்கான குறியீட்டு எண் பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பானெட்டின் அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். 'சிவப்பு' என்று சொல்லி வாங்கினால் எத்தனையோ சிவப்புகளில் ஒன்று வந்து சேரும். எண் சரியாக இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற பெயிண்ட் சற்று மாறியிருக்கும் என்பதால் ஒரு அட்டையில் பூசி, காயவைத்து, காரின் மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

துரு இருந்தால் அதன் மேல் பூசக் கூடாது; உள்ளிருந்தே மேலும் அரித்துக்கொண்டு பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஊசிமுனை அளவு துருவையும் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, உலோகம் தெரியும் இடத்தில் துருத் தடுப்புப் பிரைமரை மிக மெல்லியதாக வைத்துக் காயவிட வேண்டும்.

புட்டியின் மூடியோடு வரும் தூரிகை பெரும்பாலும் கீறலைவிட நான்கு மடங்கு அகலம். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு பல்குத்தும் குச்சியையோ, சித்திரம் வரையும் மெல்லிய தூரிகையையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்டைக் கீறலின் மேல் பூச வேண்டாம். கீறலுக்குள் வைக்க வேண்டும். குச்சியின் நுனியில் ஒரு துளியை எடுத்துப் பள்ளத்தைத் தொட்டால், அது தானாகவே வாய்க்காலில் ஓடி நிரம்புவதைக் காணலாம். ஒரே தடவையில் நிரப்ப முயலாதீர்கள். காயும்போது பெயிண்ட் சுருங்கிக் கீழே இறங்கும் என்பதால், ஒவ்வொரு பூச்சுக்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வைப்பதே முறை. அதன் மேல் கிளியர் கோட்டையும் அப்படியே வைத்து, சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை மேடாக நிற்கும்படி விட வேண்டும்.

அந்த மேட்டைச் சமன்செய்ய அவசரம் கூடாது. மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். அதன் பிறகு காம்பவுண்டால் மெதுவாகத் தேய்த்தால் மேடு பெரும்பாலும் சமமாகிவிடும். வெளிச்சத்தில் மின்னும் மெட்டாலிக் நிறங்களில் கையால் வைத்த பெயிண்ட் ஒருபோதும் முழுமையாகக் கலந்து தெரியாது. தொழிற்சாலையில் தெளித்தபோது உலோகத் துகள்கள் ஒரே வாக்கில் படிந்திருக்கும், குச்சியில் வைத்தபோது அவை எப்படியோ விழுந்து கிடக்கும். துரு பிடிக்காமல் காப்பதும், தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணில் படாமல் இருப்பதும்தான் இங்கே இலக்கு.

பற்பசை, எண்ணெய், 'மேஜிக்' பேனா ஆகியவை பலன் தருமா?

பற்பசை ஓரளவு வேலை செய்யும். பல்லைத் தேய்க்க அதில் சேர்க்கப்படும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற துகள்கள் பெயிண்டையும் தேய்க்கின்றன. ஆனால் அவை பல்லுக்கென்று அளவிடப்பட்டவை. ஒரு பற்பசைக்கும் இன்னொன்றுக்கும் கடுமை மாறும், தேயத்தேய நுண்ணியதாக உடைந்து இறுதியில் பளபளப்பைத் தரும் தன்மையும் அவற்றுக்கு இல்லை. மிக லேசான உரசல் ஒன்றை அவசரத்துக்கு மறைக்கலாம் என்பதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

துரு நீக்கும் எண்ணெய் தெளிப்பானை அடித்துக் கீறலை மாயமாக்கும் காட்சிகள் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையின் இன்னொரு வடிவமே. எண்ணெய் மெதுவாகக் காய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கீறல் நீக்கும் பேனாக்களில் பெரும்பாலானவை நிறமற்ற பூச்சை நிரப்புகின்றன; மேலோட்டமான கீறலில் சில காலம் தாக்குப்பிடிக்கும், பிரைமர் தெரியும் கீறலில் நிறத்தைத் தராது. பாத்திரம் தேய்க்கும் நார், அதன் பச்சைப் பகுதி, வீட்டுக் கிளீனர் பொடிகள் ஆகியவற்றைக் காரின் அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

வேலை முடிந்தபின் மெழுகு பூசுவது கட்டாயமா?

ஆம். தேய்த்த இடத்தில் முன்பிருந்த மெழுகு, சீலன்ட், செராமிக் கோட்டிங் எதுவாக இருந்தாலும் காம்பவுண்ட் அதையும் சேர்த்து எடுத்திருக்கும். மெழுகைச் சோற்றில் நெய் விடுவது போல விட வேண்டாம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவு மெல்லிய பூச்சே போதும். தடிமனாகப் பூசினால் துடைப்பதற்குத்தான் சிரமம்.

கதவுக் கைப்பிடியின் உட்குழிவில் நகக் கீறல்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே கை நுழையுமா?

கையால் செய்வதற்கென்றே அமைந்த இடம் அது; மெஷின் அங்கே நுழையாது. ஒரு துணியை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சிறிது பாலிஷ் எடுத்து, குழிவின் வளைவை ஒட்டி முன்னும் பின்னும் தேய்த்தால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். நகத்தால் விழுபவை பெரும்பாலும் கிளியர் கோட்டைத் தாண்டுவதில்லை.

பம்பரில் விழுந்த கீறலுக்கும் இதே முறைதானா?

கிளியர் கோட்டில் உள்ள கீறலுக்கு இதே முறைதான். இரண்டு வேறுபாடுகளை மட்டும் நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பதால், ஆழமான கீறலாக இருந்தாலும் அவசரமில்லை. ஆனால் உலோகத்தைப் போல அது சூட்டைக் கடத்தாது; ஒரே இடத்தில் வேகமாகத் தேய்த்தால் சூடு அங்கேயே தங்கும்.

மேட் பூச்சு, வினைல் ராப், பாதுகாப்புப் படலம் உள்ள கார்களில்?

மேட் பூச்சை ஒருபோதும் தேய்க்கக் கூடாது. அதன் மங்கல் தோற்றத்துக்குக் காரணமே மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளம்தான். தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரக் கறையாகிவிடும். பெயிண்டின் மேல் ஒட்டப்படும் வண்ணத் தாளான வினைல் ராப்புக்கும் காம்பவுண்ட் ஆகாது. தானே ஆறும் தன்மையுள்ள பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால், லேசான கீறல்கள் வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ தாமாகவே மறையக்கூடும்; முதலில் அதைச் செய்துபாருங்கள்.

அண்மையில் மறுபூச்சு செய்த கார் என்றால், பூச்சு முழுமையாக இறுகுவதற்குப் பெயிண்டர் சொன்ன காலம் முடியும்வரை காத்திருங்கள். பொதுவாக ஒரு மாதமாவது மெழுகு பூச வேண்டாம் என்பார்கள்.

தேய்த்த துணியில் காரின் நிறம் ஒட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

கார் எந்த வகைப் பூச்சு என்பதைப் பொறுத்தது. பழைய கார்கள் சிலவற்றிலும், மெட்டாலிக் அல்லாத சில வெள்ளை, சிவப்பு நிறங்களிலும் கிளியர் கோட்டே இல்லாமல் நிறப் பூச்சு ஒன்றே மேலடுக்காக இருக்கும். அவற்றில் துணியில் நிறம் ஒட்டுவது இயல்பு. ஆகவே வேலையைத் தொடங்குமுன் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சிறிது பாலிஷைத் தேய்த்துத் துணியைப் பார்த்துவிடுங்கள். அங்கே நிறம் ஒட்டாமல், கீறலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் திடீரென்று ஒட்டினால் கிளியர் கோட் முடிந்துவிட்டது. உடனே கையை எடுங்கள்.

அப்படிக் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டேன். அந்த இடம் மட்டும் மங்கலாக, ஓரத்தில் வளையம் கட்டியது போல இருக்கிறது. மேலும் பாலிஷ் போட்டால் சரியாகுமா?

ஆகாது. மங்கலுக்குக் காரணம் பாலிஷ் போதாமை அல்ல; பளபளப்பைத் தரும் அடுக்கே அங்கே இல்லை. இனித் தேய்க்கத் தேய்க்க நிற அடுக்கும் போய்ப் பிரைமர் எட்டிப் பார்க்கும். மேலே மெழுகு பூசினால் சில வாரங்களுக்கு மங்கல் குறைந்து தெரியும். வெயிலிலிருந்து அதற்குப் பாதுகாப்புக் கிடைக்காது. தெளிப்பான் டப்பாவில் வரும் கிளியர் கோட்டைச் சிலர் அந்த வட்டத்தில் மட்டும் அடிக்கிறார்கள். ஓரம் கலக்காமல் திட்டாக நின்றுவிடும். மேலும், இறுக்கும் திரவம் சேர்ந்த இருபகுதி வகைகளில் ஐசோசயனேட் இருப்பதால், அவற்றைத் தகுந்த சுவாசக் கவசம் இல்லாமல் வீட்டில் அடிப்பது நுரையீரலுக்கு ஆபத்து.

பெயிண்டரிடம் கொண்டுபோகும்போது எந்த இடத்தில், எந்தக் காம்பவுண்டால், எவ்வளவு தேய்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மெழுகோ சிலிக்கான் கலந்த பாலிஷோ பூசியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சரியாகத் துடைக்காமல் அதன் மேல் பெயிண்ட் அடித்தால் மீன்கண் போலச் சிறு சிறு வட்டக் குழிகள் விழும். நிறம் கெடாமல் கிளியர் கோட் மட்டும் போயிருந்தால், பெரும்பாலும் அந்தப் பாகம் முழுவதையும் உரசிவிட்டு விளிம்பிலிருந்து விளிம்புவரை புதிய கிளியர் கோட் அடிப்பார்கள். கை வைத்த வட்டத்தில் மட்டும் அடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம், ஒரு வருடம் கழித்து அந்த ஓரம் உரிந்து வந்தால் என்ன செய்வார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.